ஸ்காட்லாந்துக் கிராமம், காணாமல் போன பிள்ளை, வாய் திறக்காத ஊர்: மர்ம நாவல் வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

பனிமூட்டம் இறங்கிய ஒரு ஸ்காட்லாந்துக் குக்கிராமம். இருபது முப்பது வருடம் முன்பு ஒரு ராத்திரி வீட்டை விட்டுப் போன பதினாறு வயதுப் பெண் திரும்பி வரவே இல்லை. இப்போது அவள் தங்கையோ பழைய சிநேகிதியோ ஊருக்கு வந்து கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். இந்த அச்சில் வார்த்த நாவல்கள் ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டன, எனக்கு அதில் தீராத பைத்தியம், நண்பர்கள் தலையிலும் கட்டுவேன். வாங்கிப் போனவர்கள் நூறாவது பக்கத்தில் போன் செய்து கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த நாவலின் முடிவையும் உடைக்கவில்லை, பெயரே சொல்லவில்லை. பயமில்லாமல் படிக்கலாம்.

நூறு பக்கம் தாண்டியும் ஒன்றுமே நடக்கவில்லையே, இது மர்ம நாவல்தானா?

மழை பெய்கிறது, ஒருத்தி டீ போடுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு போகிறார், மறுபடியும் மழை. தெரியும், எனக்கும் முதலில் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது பேர் இருக்கிற ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வருடத்திலிருந்து பேசுவதில்லை என்பதை அந்த நூறு பக்கங்களில்தான் ஆசிரியர் அடுக்கி வைக்கிறார். பின்னால் வெடிக்கப் போவதெல்லாம் அங்கேயே கிடக்கிறது. ஊர்க்காரர் யாராவது சட்டென்று பேச்சை மாற்றினால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவேன். என் துப்பறிதல் அவ்வளவுதான். பாதி நேரம் பலிக்கிறது.

ஸ்காட்லாந்துக் கிராமப்புறம் என்றால் ஹைலேண்ட்ஸ்தானா?

இல்லை, எந்தப் பகுதி என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கதையின் குணமே அதில் மாறும். வடக்கிலும் மேற்கிலும் மலையும் ஏரியும் காலி நிலமுமாக இருப்பது ஹைலேண்ட்ஸ். ஹைலேண்ட் கவுன்சில் எல்லைக்குள் மட்டும் 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம், மக்கள் சுமார் 2.35 லட்சம். அதிலும் நிறையப் பேர் இன்வர்னஸ் நகரத்திலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள், மிச்ச இடமெல்லாம் காற்றுக்குத்தான். வடகிழக்கில் அபெர்டீன்ஷயர் பார்லி வயலும் மாட்டுப் பண்ணையுமான இடம், பேச்சே வேறு. தெற்கே இங்கிலாந்தை ஒட்டிய பார்டர்ஸ், ஆடு மேயும் உருண்டையான குன்றுகளும் பழைய கம்பளி ஆலை ஊர்களும். தென்மேற்கில் காலோவே, அங்குள்ள காட்டுப் பூங்கா 2009இல் பிரிட்டனின் முதல் இருள்வான் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அதாவது வெளிச்சமே இல்லாத இடம் என்பதற்கே ஒரு பட்டம் வாங்கிய ஊர். மர்மக் கதை எழுதுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அப்புறம் தீவுகள். தீவுக் கதையில் ஒரு கூடுதல் வசதி: கப்பல் நேரம் தெரிந்தால் யார் எப்போது தீவை விட்டுப் போயிருக்க முடியாது என்பதும் தெரிந்துவிடும்.

காணாமல் போவது ஏன் எப்போதும் பதினாறு வயதுப் பிள்ளையாகவே இருக்கிறது?

பதின்ம வயது என்றாலே பரிதாபம் வரும் என்பது ஒரு காரணம். ஆனால் சட்டமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பதினாறு வயதானால் பல விஷயங்களில் நீங்கள் பெரியவர். பெற்றோர் சம்மதம் இல்லாமலே கல்யாணம் செய்துகொள்ளலாம். இங்கிலாந்துக் காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடி வந்த பழைய கதைகளுக்குப் பின்னால் இந்தச் சட்ட வித்தியாசம்தான். அதனால் பதினாறு முடிந்த பெண் ஒருத்தி பையோடு கிளம்பினாள் என்றால், அந்தக் கால ஊர்ப் போலீஸ்காரர் 'கிளாஸ்கோவுக்கோ லண்டனுக்கோ போயிருப்பாள், பணம் தீர்ந்தால் வருவாள்' என்று நோட்டை மூடிவிடுவது கதையில் நம்பும்படியாக இருக்கும். பதினாலு வயது என்றால் அப்படி மூட முடியாது. அந்த ஒரு வாரத் தாமதத்தில்தான் முழு நாவலும் நிற்கிறது.

தீவுக் கதைகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சின்னத் தீவுகளிலும் தூரத்துக் கிராமங்களிலும் உயர்நிலைப் பள்ளி கிடையாது, பிள்ளைகள் பெரிய ஊரில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவார்கள். விடுதியில் 'வீட்டுக்குப் போய்விட்டாள்' என்று நினைப்பார்கள், வீட்டில் 'இந்த வாரம் விடுதியிலேயே தங்கிவிட்டாள்' என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று நாள் போய்விட்டது. சொல்லும்போதே வயிறு கலங்குகிறது.

பழைய சம்பவம் ஏன் 1980களிலோ 90களிலோ நடக்கிறது?

கைபேசி இல்லை. வேறு ரகசியம் ஒன்றுமில்லை. ஊர் முனையில் ஒரு சிவப்பு டெலிபோன் பூத், அதில் ஒரு சில்லறைக் காசு, அதற்குள் முடிந்துபோன ஒரு பேச்சு, இது போதும். (இன்றைக்கும் பல பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது, அதனால் நிகழ்காலப் பகுதியையும் ஆசிரியர்கள் சுலபமாகச் சமாளித்துவிடுகிறார்கள்.)

ஊரே திரண்டு தேடுகிறது. அப்படியும் ஒரு உடல் கிடைக்காமல் போகுமா?

தாராளமாக. இந்த நாவல்களில் நிலத்தைப் பற்றி வருகிற வர்ணனையெல்லாம் அழகுக்காக என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள், அவற்றில் பாதி துப்பு.

முதலில் தண்ணீர். ஸ்காட்லாந்து ஏரிகள் சில பயங்கர ஆழம்: லாக் நெஸ் சுமார் 230 மீட்டர், லாக் மோரார் 310 மீட்டர். ஆழத்தில் வருடம் முழுக்கக் குளிர். வெதுவெதுப்பான நீரில் விழுந்த உடல் சில நாளில் உள்ளே வாயு உண்டாகி மேலே வந்துவிடும், அந்தக் குளிரில் அது நடக்காமலே போகலாம். போதாததற்குப் பீட் என்ற கறுப்புச் சதுப்பு மண் கரைந்து லாக் நெஸ் தண்ணீர் கடும் டீ நிறத்தில் இருக்கும், முங்குகிறவருக்குக் கொஞ்ச தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது.

அடுத்தது அணைகள். 1943இல் வந்த ஒரு சட்டத்தால் ஹைலேண்ட்ஸில் நீர்மின் வாரியம் அமைந்து, பிறகு வந்த வருடங்களில் பல பள்ளத்தாக்குகளை நீரில் மூழ்கடித்தது, கேனிக் பள்ளத்தாக்கின் முலார்டோக் அணை ஒரு உதாரணம். வறண்ட கோடையில் இப்படிப்பட்ட நீர்த்தேக்கங்களில் மட்டம் இறங்கினால் பழைய சுவர்களும் பாதைகளும் வெளியே தெரியும். நாவலில் 'அந்த வருடம் மழையே இல்லை' என்று ஒரு வரி வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

எனக்குப் பிடித்தது மரங்கள். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், வனத்துறை ஆணையம் ஒன்று அமைத்து மரத்துக்காகவே காடு வளர்க்க ஆரம்பித்தார்கள். அதிகம் நட்டது சிட்கா ஸ்ப்ரூஸ், வட அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து வந்த மரம். நெருக்கமாக நட்டால் பத்துப் பதினைந்து வருடத்தில் உள்ளே வெயிலே இறங்காது, கீழே புல் முளைக்காது, ஆள் குனிந்துகூடப் போக முடியாது. முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து வருடத்தில் மொத்தமாக வெட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1985இல் பிள்ளை காணாமல் போன அதே குளிர்காலத்தில் மலைச்சரிவில் நாற்று நட்டிருக்கிறார்கள். 2025இல் மரம் வெட்டும் இயந்திரம் வருகிறது. அந்தச் சரிவு நாற்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது, அதை வெட்டும் தேதியும் முன்கூட்டியே ஊருக்குத் தெரியும். அந்தத் தேதி நெருங்க நெருங்க யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று பார்த்தால் போதாதா? இப்படி ஒரு நாவலை யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

அப்புறம் தேடுகிறவர்கள் யார் என்பது. மலை மீட்புக் குழுக்கள் அங்கே பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான். ஆசிரியர், ஹோட்டல்காரர், மான் வேட்டை வழிகாட்டி, கசாப்புக் கடைக்காரர். நிலத்தை அறிந்தவர்கள் அவர்கள்தான் என்பதால் எந்தச் சரிவை யார் பார்ப்பது என்று பிரித்துக்கொள்வதும் அவர்களே. குற்றவாளி தேடல் வரிசையில் நின்று, 'இந்தப் பக்கம் நான் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை' என்று சொன்னால் யார் போய் மறுபடி பார்க்கப் போகிறார்கள்?

இரவே வராத இரவு, மூன்றரை மணிக்கே இருட்டு என்றெல்லாம் வருகிறதே, மிகைதானே?

துளியும் இல்லை. டிசம்பர் கடைசியில் இன்வர்னஸில் காலை ஒன்பது மணிவாக்கில் விடிந்து மாலை மூன்றரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், பகல் ஆறரை மணி நேரம்தான். ஜூனில் சுமார் பதினெட்டு மணி நேரம் பகல், நள்ளிரவிலும் வடக்கு வானத்தில் ஒரு சாம்பல் வெளிச்சம் மிச்சம் இருக்கும். அதனால் 'இரவு பதினொரு மணிக்கு அவளைத் தூரத்தில் பார்த்தேன்' என்று ஒரு சாட்சி சொன்னால், எந்த மாதம் என்று திருப்பிப் பாருங்கள். ஜூன் என்றால் உண்மையாக இருக்கலாம். டிசம்பர் என்றால் ஆள் பொய் சொல்கிறார், இல்லை கையில் விளக்கோடு அங்கே நின்றிருக்கிறார்.

செரிஃப் என்கிறார்கள், ஆனால் அவர் துப்பாக்கியும் நட்சத்திர பேட்ஜும் இல்லாமல் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்ன குழப்பம் இது?

அமெரிக்கப் படம் பார்த்த குழப்பம். ஸ்காட்லாந்தில் செரிஃப் என்றால் நீதிபதி. விசாரணையை மேற்பார்வை செய்வதும் வழக்குத் தொடர்வதும் ப்ராக்யுரேட்டர் ஃபிஸ்கல் என்ற அதிகாரி, பேச்சில் வெறும் 'ஃபிஸ்கல்'. இங்கிலாந்துக் கதைகளில் வருகிற கரோனர் இங்கே கிடையாது, சந்தேக மரணம் நேராக ஃபிஸ்கல் மேசைக்குப் போகும். 'ஃபிஸ்கலிடம் சொல்லியாயிற்று' என்று போலீஸ்காரர் சொன்னால் விஷயம் ஊரை விட்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, இப்போதுள்ள ஒரே போலீஸ் துறை 2013 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் எட்டு வட்டாரப் படைகள், வடக்கே நார்தர்ன் கான்ஸ்டபுலரி. பழைய கோப்பு எந்த ஊர்க் கிடங்கில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடும் காட்சிகள் அதனால்தான் அத்தனை நாவல்களிலும் வருகின்றன.

ஊருக்கே யார் என்று தெரிகிறது. அப்படியும் ஏன் கைது செய்யவில்லை? எனக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். இந்த எரிச்சல் போனால் இந்த வகை நாவலே வேறு மாதிரி தெரியும்.

ஸ்காட்லாந்துக் குற்றவியல் சட்டத்தில் கரோபரேஷன் என்று ஒரு பழைய விதி. குற்றம் நடந்தது, இவர்தான் செய்தார் என்ற முக்கியமான விஷயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு இடங்களிலிருந்து ஆதாரம் வேண்டும். ஒரே ஒரு சாட்சி, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தனியாகப் போதாது. இங்கிலாந்தில் பொதுவாக ஒரு நம்பகமான சாட்சியை வைத்தே தண்டிக்கலாம், வடக்கே எல்லை தாண்டினால் முடியாது. அண்மையில் வந்த தீர்ப்புகள் இதைச் சில இடங்களில் தளர்த்தியிருக்கின்றன, ஆனால் நாவல்களில் வருகிற அந்தக் காலத்துக்கு விதி இறுக்கமானதுதான்.

இப்போது ஊருக்குள் வாருங்கள். ஒரு கிழவி ஜன்னல் வழியே ஒரு காரைப் பார்த்தாள். அவள் சொன்னால் நாளைக்கு அவள் வீட்டுக்குக் கரி கொண்டுவந்து போடுகிற ஆள் யார்? அந்தக் கார்க்காரரின் தம்பி. சொல்லியும் வழக்கு நிற்காது என்று போலீஸ்காரரே சொல்லிவிட்டார். அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அதே கார் கீழே பாலத்தருகே நின்றதை இன்னொருவர் பார்த்திருக்கிறார். அவரும் தன் சாட்சி ஒன்றுதான் என்று நினைத்து மூடிக்கொள்கிறார். இரண்டும் சேர்ந்திருந்தால் போதும், ஆனால் அந்த இரண்டு பேரும் 1978இல் ஒரு வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியவர்கள். முதல் நூறு பக்கம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

குற்றவாளி தானே ஒப்புக்கொண்டால்? அதுவும் தனியாகப் போதாது. செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரம் அந்த வாக்குமூலத்தில் இருந்து, அது சரிபார்க்கப்பட்டால் மட்டும் நிற்கும். இதற்குச் சட்டப் புத்தகங்களில் எப்போதும் சொல்கிற வழக்கு 1958இல் தூக்கிலிடப்பட்ட பீட்டர் மேனுவலுடையது. கிளாஸ்கோ பக்கத்தில் காணாமல் போன ஒரு பதினேழு வயதுப் பெண்ணைப் புதைத்த வயலுக்கு அவனே போலீஸாரை ராத்திரியில் கூட்டிக்கொண்டு போனான், தோண்டியபோது உடல் அங்கே இருந்தது. இடம் தெரிந்திருந்ததுதான் இரண்டாவது ஆதாரம். ஆகவே நாவலில் சாகக் கிடக்கும் ஒருவர் 'நான்தான் செய்தேன்' என்று சொன்னால் உடனே புத்தகத்தை மூடாதீர்கள். எங்கே என்று சொன்னாரா என்று பாருங்கள்.

ஆளைப் பிடித்துச் சில மணி நேரத்தில் விட்டுவிடுகிறார்களே?

1980இல் வந்த சட்டப்படி சந்தேகத்தின் பேரில் ஆறு மணி நேரம் பிடித்து வைத்து விசாரிக்க முடிந்தது, அந்த ஆறு மணி நேரமும் வக்கீல் இல்லாமலே. 2010இல் லண்டனிலுள்ள உச்ச நீதிமன்றம் இப்படி வக்கீல் இல்லாமல் விசாரிப்பது செல்லாது என்றது. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கிற கதை என்றால் அந்த ஆறு மணி நேரம் ஒரு தனி நாடகம், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

தீர்ப்பில் 'நிரூபிக்கப்படவில்லை' என்று வந்தது. விடுதலையா, இல்லையா?

விடுதலைதான். குற்றவாளி, குற்றவாளி அல்ல என்ற இரண்டோடு மூன்றாவதாக இப்படி ஒரு தீர்ப்பு அங்கே நூற்றாண்டுகளாக இருந்தது. சட்டப்படி இரண்டு விடுதலைக்கும் ஒரே பலன். ஊருக்குள் அப்படி இல்லை. 'நீதான் என்று தெரியும், கையில் பிடிபடவில்லை' என்று பதினைந்து ஜூரர்கள் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அந்த ஆள் அதே ஊரில் அதே கடையில் பால் வாங்க வேண்டும், காணாமல் போன பெண்ணின் அம்மாவும் அதே கடைக்கு வருவார். 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இந்தத் தீர்ப்பை ஒழிக்கச் சட்டம் நிறைவேற்றியது. நியாயமான முடிவுதான், ஆனால் மர்ம நாவலாசிரியர்களுக்குப் பெரிய நஷ்டம்.

ஏழு வருடம் ஆகியும் அம்மா ஏன் மகள் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சம்மதிக்கவில்லை?

1977இல் இதற்கென்றே ஸ்காட்லாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஏழு வருடம் உயிரோடு இருப்பதாக எந்தத் தகவலும் இல்லையென்றால் நீதிமன்றத்தில் கேட்டு அறிவிப்பு வாங்கலாம். காணாமல் போனது குடும்பத் தலைவர் என்றால் சொத்து, கல்யாணம் என்று ஏதாவது ஒரு அவசரம் இருக்கும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன சொத்து? அதனால் யாரும் கேட்பதில்லை, அறை அப்படியே இருக்கிறது, பள்ளிக்கூட ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

அப்பா சாகும்போதுதான் சிக்கல் தொடங்கும். ஸ்காட்லாந்துச் சட்டப்படி பெற்றோரின் அசையும் சொத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு, உயில் எழுதியும் அதைத் தட்டிவிட முடியாது. அப்படியென்றால் காணாமல் போன அக்காவுக்கும் ஒரு பங்கு. இப்போது 'அவள் செத்துவிட்டாள் என்று எழுதி வாங்குவோம்' என்று முதலில் சொல்வது யார்? அது குற்றத்துக்கு ஆதாரம் ஆகாதுதான். ஆனாலும் என் பென்சில் கோடு அங்கே விழும்.

நிஜத்தில் இவ்வளவு பழைய வழக்குகள் திறக்கப்படுமா?

திறக்கப்படுகின்றன. 1976 நவம்பரில் இன்வர்னஸுக்குத் தெற்கே ஏ9 சாலையோரம் ஒரு கார் எரிந்துகொண்டிருந்தது, அதில் வந்த தாயும் மூன்று வயது மகனும் காணவில்லை. ஒரு பழைய கல்குவாரியின் தண்ணீரையெல்லாம் இறைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 2022இல் எண்பது வயதான ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, சில மாதத்தில் அவர் இறந்தும் போனார். உடல்கள் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாமலும் கொலைத் தண்டனை உண்டு என்பதற்கு இதைச் சொல்வேன், உடல் எங்கே என்று சொல்லாமலே ஒருவர் போய்விட முடியும் என்பதற்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, 1977இல் எடின்பரோவில் ஒரு மதுக்கடையிலிருந்து கிளம்பிய இரண்டு பதினேழு வயதுப் பெண்கள் கொல்லப்பட்ட வழக்கு. 2007இல் வழக்கு விசாரணை பாதியிலேயே சரிந்து, குற்றம் சாட்டப்பட்ட ஆங்கஸ் சின்க்ளேர் விடுதலையானான். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற விதியை 2011இல் மாற்றினார்கள், 2014இல் அவனே மறுபடி நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டான். ஆகவே 'விடுதலையானவனை இனி தொட முடியாது' என்று ஒரு பாத்திரம் சொன்னால் எந்த வருடத்தில் சொல்கிறார் என்று பாருங்கள்.

பேய், தேவதை என்று நடுவில் வருகிறது. நம்புவதா வேண்டாமா?

ஆசிரியர் முடிவு செய்யாத வரை நீங்களும் முடிவு செய்யாதீர்கள். ஒரு சின்ன விஷயம்: அங்கே தேவதைகள் இறக்கை வைத்த குட்டிப் பெண்கள் கிடையாது, மண்மேட்டுக்குள் வசித்துக்கொண்டு ஆளைத் தூக்கிப் போகிறவர்கள். ராபர்ட் கர்க் என்று அபெர்ஃபாயில் ஊரில் ஒரு பாதிரியார், தேவதைகளைப் பற்றி ஊர்க்காரர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தவர், 1692இல் பக்கத்துக் குன்றில் இறந்து கிடந்தார். அவர் சாகவில்லை, எடுத்துப் போய்விட்டார்கள் என்றது ஊர். இன்றைக்கும் அந்த டூன் குன்றின் உச்சியிலுள்ள பைன் மரத்தில் ஜனங்கள் வேண்டுதல் எழுதித் துணி கட்டுகிறார்கள். 'எடுத்துப் போய்விட்டார்கள்' என்ற சொல் அங்கே ஒரு வசதி, யாரையும் குற்றம் சொல்லாமல் ஒரு பிள்ளை இல்லாமல் போனதைச் சொல்லிவிடலாம். அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது யார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் நாலு பேர் வருகிறார்களே?

தீவுகளில் நிஜமாகவே அப்படித்தான். மெக்லியோட் என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பும். அதனால் தொழில், வீடு, அப்பா பெயர் என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். முதல் அட்டைக்குள் ஒரு தாளைச் செருகி உறவுமுறையை வரைந்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

லேர்ட், ஃபேக்டர், கில்லி, கிராஃப்ட், பாத்தி. அகராதி பார்த்தே களைத்துவிட்டேன்.

லேர்ட் நிலக்கிழார். ஃபேக்டர் அவருடைய நிலத்தையும் வாடகையையும் பார்த்துக்கொள்கிற மேலாளர், பதினெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் குடியானவர்களை ஆட்டுக்காக வெளியேற்றிய நாளிலிருந்து ஊருக்கு ஆகாத சொல். கூரையில்லாத கல்வீடுகள் கதையில் வந்தால் பெரும்பாலும் அந்த வெளியேற்றத்தின் மிச்சம். கில்லி வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கூட வருகிற உள்ளூர் வழிகாட்டி, எல்லாப் பாதையும் தெரிந்தவர், ஆகவே எப்போதும் முதல் சந்தேகம் அவர் மேல், பாவம். கிராஃப்ட் சின்ன விவசாய நிலம்.

பாத்தி என்பது மலையில் நடப்பவர்கள் இலவசமாகத் தங்குகிற, பூட்டே இல்லாத கல்குடிசை. மின்சாரம் கிடையாது, தண்ணீர் ஓடையில்தான். ஆனால் மேடையில் மெழுகு சொட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், வந்தவர்கள் பெயரும் தேதியும் வானிலையும் எழுதிவிட்டுப் போவார்கள். 'தனியாக வந்தேன், நாள் முழுக்க மழை, எலித் தொல்லை.' அடுத்த பக்கம் பாதி கிழிந்திருக்கும். நான் படித்தவரை கிழித்தவரைக் கண்டுபிடிப்பதற்குள் நாவல் முடிந்துவிடும்.

கடைசியில் யார் என்றே சொல்லாமல் முடித்துவிட்டார். காசு போச்சு.

சில நேரம் ஆசிரியருக்கே தெரியாமல் எழுதியிருப்பார், அது ஏமாற்றுதான், திட்டுங்கள். ஆனால் நல்ல நாவலில் வாசகருக்கு விடை தெரிந்திருக்கும், ஃபிஸ்கலுக்குத் தேவையான இரண்டாவது ஆதாரம் மட்டும் இருக்காது. கடைசி அத்தியாயத்தில் அந்த ஆள் ஒற்றைத்தடச் சாலையில் எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார், அந்த ஊர்களில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எதிரே வந்தவர் பதிலுக்கு விரலைத் தூக்கினாரா இல்லையா என்று ஒரு வரி வரும். அதைத் தவறவிட்டால் நிஜமாகவே காசு போச்சு.

இத்தனை வருடம் கழித்துச் சதுப்பிலிருந்து ஆள் கிடைப்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

இருபது முப்பது வருடத்தையே நம்ப மாட்டீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். பீட் என்பது பாசியும் செடியும் மக்காமல் அழுத்திச் சேர்ந்த கறுப்பு மண், அடுப்பெரிக்க வெட்டி எடுப்பார்கள். உள்ளே அமிலம், காற்று இல்லை. எலும்பு கரையலாம், தோலும் தலைமுடியும் கம்பளியும் நிற்கும். 1964இல் லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே பக்கத்து அர்னிஷ் சதுப்பில் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு இளைஞனைக் கண்டெடுத்தார்கள். இருபது, இருபத்தைந்து வயதிருக்கும். பின்மண்டையில் அடி. போட்டிருந்த கம்பளிச் சட்டையும் பின்னல் தொப்பியும் 1700வாக்கிலான மோஸ்தர். கூடவே ஒரு மரச் சீப்பு, கொம்பில் செய்த கரண்டி, எழுதுவதற்கான இறகுப் பேனாக்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு பழங்கதை ஏற்கெனவே இருந்தது. ஸ்டோர்னோவே பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் பறவை முட்டை பொறுக்கச் சதுப்புக்குப் போனார்கள், சண்டை வந்தது, ஒருவன் மற்றவனைக் கல்லால் அடித்துப் புதைத்துவிட்டுக் கடலுக்கு ஓடிப்போனான், பல வருடம் கழித்து வந்த கப்பலில் அடையாளம் தெரிந்து பிடிபட்டான் என்று. அந்த இளைஞன்தான் இந்தக் கதையின் பையன் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பேனாக்களைப் பார்த்ததும் தீவுக்காரர்கள் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.